கப்பலின் மானமும் ஆயிரம் உயிரும்

1939 டிசம்பர் 17, ஞாயிறு மாலை. உருகுவே நாட்டின் மான்டிவிடியோ துறைமுகக் கரையெங்கும் மக்கள் திரண்டிருந்தார்கள். ‘அட்மிரல் கிராஃப் ஸ்பே’ என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்பியது. வெளியே பிரிட்டிஷ் கப்பல்கள் காத்திருந்தன. பெரியதொரு கடற்சண்டையைக் காண வந்த கூட்டம் அது. சண்டை நடக்கவில்லை. பிளேட் ஆற்றின் கழிமுகத்தில் கப்பல் நின்றது, மாலுமிகள் இறங்கினார்கள், வைத்த வெடிகள் வெடித்துக் கப்பல் எரிந்தது. ஆணையிட்டவர் அதன் கேப்டன் ஹான்ஸ் லாங்ஸ்டார்ஃப். டிசம்பர் 20 அன்று புவெனஸ் ஐரிஸ் நகரில் அவர் தன்னைத் தானே சுட்டுக்கொண்டு இறந்துகிடந்தார். வயது 45.

சண்டைக்குப் போகாமல் தன் கப்பலைத் தானே தகர்த்த ஒருவரை வீரர் என்று போற்றலாமா?

அவர் கோழை அல்லர் என்பதற்கு நான்கு நாள் முந்தைய விடியற்காலையே சான்று. டிசம்பர் 13 அன்று எக்ஸெட்டர், ஏஜாக்ஸ், அகிலீஸ் என்ற மூன்று கப்பல்களை அவர் ஒற்றைக் கப்பலோடு எதிர்த்தார். எக்ஸெட்டர் சின்னாபின்னமாகி விலகிப் போனது. கிராஃப் ஸ்பேயிலும் 36 பேர் மாண்டார்கள், கேப்டனே காயம்பட்டார். பழுதுபார்க்க நடுநிலை நாடான உருகுவேயில் ஒதுங்கியபோது, அந்த அரசு 72 மணி நேரமே அவகாசம் தந்தது. குண்டுகளில் பெரும்பகுதி தீர்ந்திருந்தது. பிரிட்டனின் விமானந்தாங்கிக் கப்பலும் பெரிய போர்க்கப்பலும் வெளியே வந்துவிட்டதாக அவர் நம்பினார். உண்மையில் அவை இன்னும் வெகுதொலைவில் இருந்தன. புதிதாக வந்து சேர்ந்தது கம்பர்லண்ட் என்ற ஒரே கப்பல்தான்.

ஏமாந்துபோய் எடுத்த முடிவுக்கு அறம் என்று பெயர் சூட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. ஆனால் ஒரு முடிவின் அறத்தை, எடுத்தவருக்கு அந்த வேளையில் தெரிந்ததை வைத்துத்தான் நிறுக்க வேண்டும். வெளியே சென்றால் சாவு உறுதி, வெற்றிக்கு வழியில்லை என்று அவர் கண்டார். கப்பலில் ஆயிரம் பேர். அவர்களில் பலர் இளைஞர்கள். அந்த நிலையில் போரிடுவதால் கிடைக்கக்கூடியது கொடியின் பெருமை ஒன்றே. அதற்கு விலையாக ஆயிரம் உயிரைக் கொடுக்கத் தனக்கு உரிமை இல்லை என்று முடிவு செய்தார். படைத்தலைவனுக்கு இதைவிடக் கடினமான முடிவு வேறு இருக்க முடியாது. போரிட்டு மாண்டிருந்தால் அவருடைய நாடு அவரைக் கொண்டாடியிருக்கும். ஹிட்லரோ கடுங்கோபம் கொண்டார். இனி ஜெர்மானியப் போர்க்கப்பல் கடைசிக் குண்டு வரை போரிட்டு வெல்லவேண்டும், அல்லது கொடி பறக்க மூழ்கவேண்டும் என்று கடற்படைத் தலைமை ஆணை பிறப்பித்தது.

அந்த ஆணையின் விளைவை 1941 மே மாதம் உலகம் பார்த்தது. சுக்கான் முடங்கிய ‘பிஸ்மார்க்’ என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல், கடைசிக் குண்டு வரை போரிடுவோம் என்று செய்தி அனுப்பிவிட்டு மூழ்கியது. 2,000-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அந்தச் சாவுகளால் ஜெர்மனிக்குக் கிடைத்தது என்ன? கிராஃப் ஸ்பே மாலுமிகளோ அர்ஜென்டினாவில் காவலில் வைக்கப்பட்டார்கள். பலர் போருக்குப் பின் அங்கேயே குடும்பமாகி வாழ்ந்தார்கள்.

லாங்ஸ்டார்ஃபின் பெயரைக் காக்கும் செய்தி இன்னொன்றும் உண்டு. மூன்று மாதத்தில் அவர் மூழ்கடித்தவை ஒன்பது சரக்குக் கப்பல்கள். அவற்றின் மாலுமிகளில் ஒருவர்கூட உயிரிழக்கவில்லை. எல்லாரையும் இறக்கிக் காப்பாற்றிய பிறகே கப்பலை மூழ்கடித்தார். அவரிடம் கைதிகளாக இருந்த பிரிட்டிஷ் கேப்டன்களே அவரைப் பற்றி மரியாதையோடு பேசினார்கள். மான்டிவிடியோவில் தன் வீரர்களை அடக்கம் செய்தபோது சுற்றி நின்றவர்கள் நாஜி முறையில் கை நீட்ட, அவர் மட்டும் பழைய கடற்படை வணக்கம் செலுத்தும் படம் இன்றும் கிடைக்கிறது.

அந்த ஒரு படத்தைக் காட்டி அவரை நாஜி எதிர்ப்பாளர் ஆக்கிவிடுவது நேர்மையாகாது. சாவதற்கு முன் ஜெர்மானியத் தூதருக்கு எழுதிய கடிதத்தில், நாட்டின் மீதும் தலைவர் மீதும் தன் நம்பிக்கை குலையவில்லை என்றே எழுதினார். அவர் மூழ்கடித்த ஒவ்வொரு கப்பலும் ஹிட்லரின் போருக்குச் செய்த உதவி. எதிரி மாலுமியின் உயிரை மதித்த மனிதர், மனித உயிரை மதிக்காத ஆட்சிக்குக் கடைசி வரை உழைத்தார். இந்த முரணைப் பூசி மறைத்து அவரைப் புகழ்வது, அந்த ஆட்சியால் கொல்லப்பட்டவர்களுக்குச் செய்யும் அநீதி. கனடாவின் ஏஜாக்ஸ் நகரில் ஒரு தெருவுக்கு அவர் பெயர் வைத்ததற்குப் பின்னாளில் எதிர்ப்பு எழுந்தது இதனால்தான். அந்த எதிர்ப்பில் நியாயம் இருக்கிறது. தெருப்பெயர் என்பது முழு மனிதருக்கும் தரும் மரியாதை. அவர் செய்த ஒரு செயலை மட்டும் அது பிரித்துச் சொல்வதில்லை.

அவருடைய தற்கொலையை எப்படி எடுத்துக்கொள்வது? வெண்ணிப் போரில் முதுகில் புண்பட்ட நாணத்தால் வடக்கிருந்து உயிர்விட்ட சேரமான் பெருஞ்சேரலாதனை அறிந்த நமக்கு அந்த மனநிலை புதிதல்ல. மானம் உள்ள கேப்டன் தன் விதியைக் கப்பலின் விதியிலிருந்து பிரிக்க முடியாது என்று அதே கடிதத்தில் அவர் எழுதியிருந்தார். அந்தச் சாவு தேவையற்றது. வீட்டில் மனைவியும் பிள்ளைகளும் காத்திருந்தார்கள். தோற்ற கப்பலுக்காக அவர்களிடமிருந்து ஒரு மனிதரைப் பறிப்பதில் மானம் எதுவும் மீளவில்லை. ஆனாலும் மானத்தின் விலையைத் தன் உயிரால் மட்டும் செலுத்தியவருக்கும், பிறர் உயிரால் செலுத்தியவர்களுக்கும் நடுவே உள்ள தூரம் பெரிது.

கிராஃப் ஸ்பேயின் பின்புறத்தில் இருந்த, ஸ்வஸ்திகா பொறித்த வெண்கலக் கழுகை 2006-இல் கடலிலிருந்து எடுத்தார்கள். அதை உருக்கிப் புறா செய்யப்போவதாக உருகுவே அதிபர் 2023-இல் அறிவித்தார். எதிர்ப்பு வரவே சில நாளில் கைவிட்டார். கைவிட்டது சரியே. கழுகைப் புறாவாக்கினால் லாங்ஸ்டார்ஃப் எந்தச் சின்னத்தின் கீழ் அந்த ஆயிரம் பேரைக் காத்தார் என்பதும், அதே சின்னத்துக்காக ஒன்பது கப்பல்களை மூழ்கடித்தார் என்பதும் சேர்ந்தே மறைந்துபோகும்.