கசிவா, கட்டளையா?

இரண்டு நாய்கள், இரண்டு ரத்தப் பரிசோதனைத் தாள்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலாவது பத்து வயது டாஷ்ஹண்ட். அதன் தாளில் ஏ.எல்.பி. என்ற வரிக்கு நேரே 1,240 என்று அச்சாகியிருக்கிறது. ஆய்வகம் போட்டிருக்கும் உச்ச வரம்போ 150. இரண்டாவது ஆறு வயதுப் பெண் லாப்ரடார். அதற்கு ஏ.எல்.டி. 210; வரம்பு 100. டாஷ்ஹண்ட் வீட்டார் ஈரலே போய்விட்டது என்று கலங்கிப்போகிறார்கள். லாப்ரடார் வீட்டில், "கொஞ்சம்தானே கூட இருக்கு, நல்லாத்தான் சாப்பிடுது" என்று தாளை மடித்து அலமாரியில் வைத்துவிடுகிறார்கள்.

இந்த இரண்டில், ஈரல் செல்கள் அன்றாடம் செத்துக்கொண்டிருக்கும் வாய்ப்பு லாப்ரடாருக்குத்தான் அதிகம். டாஷ்ஹண்டின் ஈரல் பெரும்பாலும் யாரோ இட்ட வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. எண் சிறியதாக இருந்தும் ஆபத்து பெரியதாக இருப்பது எப்படி? அதற்கு இந்த எண்கள் எங்கிருந்து பிறக்கின்றன என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஏ.எல்.டி., ஏ.எல்.பி. இரண்டும் நொதிகள். நொதிகளின் வேலையிடம் செல். ரத்தத்தில் அவற்றுக்கு வேலை இல்லை. செல்லிலிருந்து வெளியேறியவை அங்கே சிறிது காலம் மிதக்கின்றன, அவ்வளவுதான். அப்படி வெளியேற இரண்டு வழிகள். ஏ.எல்.டி. ஈரல் செல்லின் உள்ளே இருக்கும் திரவத்தில் கரைந்து கிடப்பது. மனிதர்களின் ரிப்போர்ட்டில் எஸ்.ஜி.பி.டி. என்று வருவதும் இதுவே. செல்லின் சவ்வு கிழிந்தால் மூட்டை கிழிந்து அரிசி சிந்துவதுபோல் இது ரத்தத்தில் சிந்தும். இது கசிவு. ஏ.எல்.பி. அப்படியல்ல. பித்தம் வழியும் நுண்குழாய்களின் ஓரமாக, செல்லின் சவ்வோடு ஒட்டியிருப்பது. செல் உடைந்தால் இது பெரிதாக ஏறாது. அதைக் கூடுதலாகத் தயாரிக்கும்படி செல்லுக்கு உத்தரவு வந்தால் ஏறும். பித்தநாளம் அடைபட்டாலும் அந்த உத்தரவு வரும், வலிப்புக்குக் கொடுக்கும் பீனோபார்பிடால் மாத்திரையாலும் வரும், ஹார்மோனாலும் வரும். இது கட்டளை.

வெளியேறிய நொதி எத்தனை நாள் தங்கும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நாயின் ரத்தத்தில் ஏ.எல்.டி. பாதியாகக் குறைய ஏறக்குறைய இரண்டரை நாளாகும். ஏதோ விஷத்தைத் தின்று ஒரே ஒருமுறை ஈரல் அடிபட்டு அளவு 800-க்கு ஏறியது என்றால், இரண்டரை நாளில் 400, ஐந்து நாளில் 200, ஒரு வாரம் கழிந்தால் 100. ஆகவே மூன்று வாரம் கழித்துப் பார்க்கும்போதும் 210 என்று நின்றால், அது பழைய காயத்தின் மிச்சமாக இருக்க முடியாது. இன்றும் புதிதாகக் கசிந்துகொண்டிருக்கிறது என்று பொருள். லாப்ரடாரின் சின்ன எண்ணை அலட்சியம் செய்யக்கூடாது என்பதற்கு முதல் காரணம் இந்தக் கணக்கு.

ஹார்மோன் இடும் கட்டளை

இப்போது டாஷ்ஹண்டுக்கு வருவோம். சிறுநீரகத்தின் தலைமாட்டில் இருக்கும் அட்ரீனல் சுரப்பி கார்டிசோலைச் சுரக்கிறது. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அதற்கு அளவு சொல்கிறது. பிட்யூட்டரியில் சிறு கட்டி ஒன்று முளைத்து, ஓயாமல் "சுர, சுர" என்று சொல்லிக்கொண்டே இருந்தால் கார்டிசோல் வரம்பு மீறும். இதைத்தான் குஷிங் நோய் என்கிறார்கள். இயல்பாக வரும் குஷிங்கில் நூற்றுக்கு 80 முதல் 85 வரை இந்த வகை. மீதி, அட்ரீனலிலேயே கட்டி வருவது. டாஷ்ஹண்ட், பூடில் போன்ற இனங்களில் குஷிங் அதிகம். இந்நோய் வந்த நாய்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு ஏ.எல்.பி. உயர்ந்திருக்கும்.

கார்டிசோலுக்கும் இந்த நொதிக்கும் என்ன உறவு? இங்கே நாய்க்கு மட்டுமே உரிய ஒரு விசித்திரம் இருக்கிறது. நாயின் குடலிலும் ஒரு வகை ஏ.எல்.பி. உண்டு. அது ரத்தத்துக்கு வந்தால் சில நிமிடங்களில் ஈரல் பிடித்து அகற்றிவிடும்; அதனால் ரிப்போர்ட்டில் அதன் சுவடே தெரியாது. ஆனால் கார்டிசோல் நெடுநாள் மிகுந்திருந்தால், இதுவரை மூடிவைத்திருந்த அந்தக் குடல் நொதியின் மரபணுவை ஈரல் செல் திறந்துவிடுகிறது. அதன்படி தயாராகும் நொதியின் மேல் சர்க்கரை மூலக்கூறுகளைக் கூடுதலாகப் பூசி அனுப்புகிறது. அந்தப் பூச்சினால் அது ஈரலின் கையில் அகப்படாமல் தப்பி, சுமார் மூன்று நாள் அரை ஆயுளோடு சுற்றுகிறது. தினமும் உற்பத்தி, அகற்றலோ மெதுவாக. எண் ஆயிரத்தைத் தாண்டுவதில் வியப்பென்ன! பூனைக்கு இந்தக் கார்டிசோல் வகை நொதி கிடையாது. ஈரலிலிருந்து வரும் ஏ.எல்.பி.யும் பூனையின் ரத்தத்தில் சுமார் ஆறு மணி நேரத்தில் பாதியாகிவிடும். அதனால்தான் பூனையில் சற்றே ஏறினாலும் மருத்துவர் நிமிர்ந்து உட்காருவார்.

எந்த வகை ஏறியிருக்கிறது என்று பிரித்தறிய ஆய்வகத்தில் உதவும் பொருள், ஆடு மாடு வளர்ப்பவர்களுக்குப் பழக்கமான லெவாமிசோல்தான். பூச்சி மருந்தாகக் கொடுக்கப்படும் அதே லெவாமிசோல், ஈரல், எலும்பு வகை ஏ.எல்.பி.யை முடக்கிவிடும், குடல் மரபணுவிலிருந்து வந்த கார்டிசோல் வகையை ஒன்றும் செய்யாது. மிஞ்சியதை அளந்தால் தெரிந்துவிடும். ஆனால் அந்த வகை இருந்த மாத்திரத்தில் குஷிங் என்று முத்திரை குத்த முடியாது. நாள்பட்ட வேறு நோயின் உளைச்சலாலும் அது வரும். அது அறவே இல்லையென்றால்தான் குஷிங் இல்லை என்று ஓரளவு துணிந்து சொல்லலாம்.

கட்டளை உள்ளிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. ஸ்டீராய்டு மருந்துகள் கார்டிசோலைப் போலவே வேலை செய்பவை. அரிப்புக்குப் போட்ட ஸ்டீராய்டு ஊசி, மாதக்கணக்கில் கொடுத்த பிரெட்னிசலோன், ஸ்டீராய்டு கலந்த காதுச் சொட்டு மருந்து, புண்ணில் தடவிய ஸ்டீராய்டு களிம்பு எல்லாமே ஈரலுக்கு ஒரே மொழியில் பேசுகின்றன. மருத்துவர் "வேறு மருந்து ஏதாவது?" என்று கேட்கும்போது மாத்திரைகளைச் சொல்லிவிட்டுக் காதுச் சொட்டு மருந்தை மறந்துவிடுகிறோம். அந்த ஒரு மறதியால் தேவையில்லாத ஸ்கேன் வரை போக நேரலாம். நீரிழிவிலும் தைராய்டு குறைவிலும்கூட இந்த எண் ஏறும். அவற்றைச் சர்க்கரை, தைராய்டு பரிசோதனைகளே காட்டிக்கொடுத்துவிடும்.

குஷிங்கை முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் தண்ணீர்க் கிண்ணம். காலையில் அளந்து ஊற்றி, மறுநாள் காலையில் மிச்சத்தை அளந்து கழித்தால் போதும். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 100 மில்லியைத் தாண்டினால் அது மிகை. எட்டுக் கிலோ டாஷ்ஹண்ட் ஒரு லிட்டர் குடித்தால் கேள்வி கேட்டே ஆக வேண்டும். கூடவே தீராப் பசி, பானை வயிறு, குளிர்ந்த நாளிலும் மூச்சிரைப்பு, இரு விலாவிலும் ஒரே மாதிரி முடி உதிர்ந்து காகிதமாய் மெலிந்த தோல். அடுத்த படி, அதிகாலைச் சிறுநீர். அதை மருத்துவமனையில் பிடிப்பதைவிட வீட்டில் பிடிப்பதே நல்லது. ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததுமே பயத்தில் நாயின் கார்டிசோல் ஏறிவிடும். நீளக் காம்புள்ள பழைய கரண்டி ஒன்றோடு பின்னாலேயே மெல்ல நடந்து, அது நிற்கும் நொடியில் நீட்ட வேண்டும். டாஷ்ஹண்டின் உயரத்துக்குத் தட்டையான தட்டு இன்னும் வசதி. அந்தச் சிறுநீரில் கார்டிசோலுக்கும் கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதம் இயல்பாக இருந்தால் குஷிங்கை ஏறக்குறைய மறந்துவிடலாம். கூடுதலாக இருந்தால் அடுத்த சோதனை: டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைத் துளியளவு செலுத்தி எட்டு மணி நேரம் கழித்து ரத்தத்தில் கார்டிசோலை அளந்து பார்ப்பது. ஆரோக்கியமான பிட்யூட்டரி, "ரத்தத்தில்தான் போதிய அளவு இருக்கிறதே" என்று அடங்கிவிடும். கட்டியின் வசத்தில் இருக்கும் சுரப்பி அடங்காது.

மரபு எழுதிய கசிவு

லாப்ரடாரின் கதையைத் தொடங்க இங்கிலாந்தின் வடகோடியில் நார்தம்பர்லாண்டுக்குப் போக வேண்டும். அங்குள்ள பெட்லிங்டன் என்ற சுரங்க ஊரின் பெயரைத் தாங்கிய பெட்லிங்டன் டெரியர், பார்ப்பதற்கு ஆட்டுக்குட்டிபோல் இருக்கும். இந்த இனத்து நாய்கள் ஈரல் கெட்டுச் சாவது ஏன் என்பதற்கு 1975-இல் விடை கிடைத்தது: ஈரலில் செம்பு படிகிறது. உணவோடு வரும் செம்பில் மிகையானதை ஈரல் பித்தத்தில் கலந்து வெளியே தள்ள வேண்டும். இந்த நாய்களால் அது முடிவதில்லை. ஒரு கிராம் உலர்ந்த ஈரலில் 400 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டிய செம்பு, இவற்றில் பத்தாயிரத்தையும் தாண்டியது. 2002-இல் காரணமான மரபணுக் குறையை நெதர்லாந்து ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். கோம்டி1 என்று இன்று அழைக்கப்படும் மரபணுவில் ஒரு துண்டு காணாமல் போயிருந்தது. தாய், தந்தை இரண்டிடமிருந்தும் குறையுள்ள பிரதி வந்தால்தான் நோய். ஒற்றைப் பிரதி சுமக்கும் நாய் ஆரோக்கியமாகவே வாழ்ந்து, தெரியாமலே குறையைக் குட்டிகளுக்குக் கடத்தும். சோதனை வந்த பிறகுதான் வளர்ப்பாளர்களால் அப்படிப்பட்ட ஜோடிகளைத் தவிர்க்க முடிந்தது.

லாப்ரடாரில் கதை இவ்வளவு நேரானதல்ல. நெதர்லாந்தின் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட குழு 2016-இல் வெளியிட்ட ஆய்வில் இரண்டு மரபணுக்கள் எதிரெதிர் திசையில் இழுப்பது தெரிந்தது. ஏ.டி.பி.7பி என்ற மரபணுவின் மாற்றம் செம்பைத் தேக்குகிறது. மனிதர்களில் வில்சன் நோய்க்குக் காரணமான மரபணு அதுதான். ஏ.டி.பி.7ஏ என்ற மரபணுவின் மாற்றம் அந்தத் தேக்கத்தைத் தணிக்கிறது. மனிதர்களில் மென்கீஸ் நோயோடு தொடர்புடையது அது. இரண்டாவது மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆண் பெண் வேறுபாடும் நுழைகிறது. நோய் கண்ட லாப்ரடார்களில் பெண்களே மிகுதி. ஆனால் மரபணு பாதிக் கதையைத்தான் சொல்லும். மறுபாதி சோற்றுத் தட்டில் இருக்கிறது. அமெரிக்காவில் 1997-க்குப் பிறகு நாய்த் தீவனத்தில், உடலில் எளிதாகச் சேராத காப்பர் ஆக்சைடுக்குப் பதில் எளிதில் சேரும் செம்பு உப்புகள் இடம்பிடித்தன. செம்பு நோய் பெருகியதற்கு இதுவும் காரணம் என்று ஈரல் நிபுணர்கள் சிலர் வாதிடுகிறார்கள். நம் வீடுகளில் கவனிக்க வேண்டியது நாய்க்குப் போடும் ஈரல். ஆட்டு ஈரல், மாட்டு ஈரல் இரண்டிலும் செம்பு குவிந்து கிடக்கிறது. கோழி ஈரலில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இராது.

செம்பு படியும் ஈரல் ஆண்டுக்கணக்கில் சத்தமே போடாது. ஸ்கேனில் இயல்பாகத் தெரியலாம். ரத்தத்தில் செம்பை அளந்தும் பயனில்லை. வெளியே தெரியும் ஒரே தடயம், மெல்ல உயர்ந்து இறங்காமல் நிற்கும் ஏ.எல்.டி. உறுதி செய்ய ஈரலில் ஒரு துணுக்கு எடுத்துச் சாயமிட்டுப் பார்க்க வேண்டும். செம்பு ஆரஞ்சுச் சிவப்பில் பொட்டுப் பொட்டாகத் தெரியும். இந்தக் கட்டத்தில் கண்டுபிடித்தால் பெனிசிலமைன் மாத்திரை செம்பைப் பிடித்துச் சிறுநீரில் இழுத்துச் சென்றுவிடும். 1956 முதல் வில்சன் நோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டுவரும் மருந்துதான் அது. மஞ்சள் காமாலை வந்து, வயிற்றில் நீர் கோத்த பிறகு அந்த மாத்திரைக்குச் செய்ய அதிகமில்லை.

ஏமாற்றும் எண்கள்

மரபு சில வேளை பொய்யாகவும் அச்சுறுத்தும். சைபீரியன் ஹஸ்கியின் ஒரு குடும்பத்தில் குட்டிகளுக்கு ஏ.எல்.பி. பல மடங்கு உயர்ந்திருந்தது 1996-இல் பதிவானது. மிகுந்திருந்தது எலும்பிலிருந்து வந்த வகை. நோய் ஏதுமில்லை, குடும்ப வழக்கம், அவ்வளவுதான். வளரும் எந்தக் குட்டிக்குமே எலும்பு கட்டும் செல்களால் இந்த அளவு சற்றுக் கூடத்தான் இருக்கும். ஏ.எல்.டி.யும் ஏமாற்றும். கோல்டன் ரெட்ரீவரில் ஆண் குட்டிகளைத் தாக்கும் மரபுவழித் தசைச் சிதைவு ஒன்று உண்டு. மனிதர்களின் டுஷேன் நோயின் நாய் வடிவம். அதில் சிதையும் தசையிலிருந்தே ஏ.எல்.டி. கசியும், ஈரல் நன்றாக இருக்கும். கூடவே சி.கே. என்ற தசை நொதியை அளந்தால் அது ஆயிரக்கணக்கில் எகிறி நிற்கும், குட்டு வெளிப்பட்டுவிடும்.

மரபும் ஹார்மோனும் ஒரே நாயில் சந்திக்கும் இடம் ஸ்காட்டிஷ் டெரியர். இந்த இனத்தில் பல நாய்கள் நன்றாக ஓடியாடும்போதே ஏ.எல்.பி. உயர்ந்திருக்கும். "ஸ்காட்டிக்கு இதெல்லாம் சகஜம்" என்று விட்டுவிடுவது வழக்கமாக இருந்தது. 2010-இல் வெளியான ஆய்வில், அத்தகைய நாய்களின் அட்ரீனலைத் தூண்டிப் பார்த்தபோது கார்டிசோலோடு அல்லது அது இல்லாமலே பிற ஸ்டீராய்டு ஹார்மோன்கள் மிகுந்து சுரப்பது தெரிந்தது. வம்சத்தில் ஓடும் குணம் சுரப்பியைக் கோணலாக்குகிறது. சுரப்பி ஈரலுக்குக் கட்டளையிடுகிறது. ஈரல் செல்கள் மாவுப்பொருளைச் சேர்த்துச் சேர்த்து உப்புகின்றன. 1980 முதல் 2013 வரை இவ்வாறு ஈரல் உப்பிய 114 ஸ்காட்டிஷ் டெரியர்களின் பதிவுகளை அலசியபோது, 39 நாய்களுக்கு ஈரல் புற்றுநோய் இருந்தது. மூன்றில் ஒன்றுக்கும் மேல்! கட்டளையும் நெடுநாள் நீடித்தால் சேதமாக முடியலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். டாஷ்ஹண்ட் வீட்டாரும் ஆகவே அசட்டையாக இருந்துவிட முடியாது. அவர்கள் கவலைப்பட வேண்டிய உறுப்பு மட்டும் வேறு. ஈரல் டானிக் வாங்கி ஊற்றுவதால் பிட்யூட்டரி அடங்காது.

டாஷ்ஹண்டுக்கு அவகாசம் இருக்கிறது. ஒரு வாரம் தண்ணீரை அளந்து, மருந்துப் பட்டியலைக் காதுச் சொட்டு உட்பட எழுதி எடுத்துப் போகலாம். லாப்ரடார் வீட்டார் செய்ய வேண்டியது, அலமாரியைத் திறந்து மடித்து வைத்த தாளை வெளியே எடுப்பது. முந்தைய ஆண்டுகளின் தாள்கள் இருந்தால் அவற்றையும் தேதிவாரியாக அடுக்கிப் பார்க்கட்டும். 90, 140, 210 என்று அந்த வரிசை ஏறிக்கொண்டே வந்திருந்தால், நாய் வால் ஆட்டுவதை நம்பி இன்னொரு வருஷம் காத்திருக்க வேண்டாம்.