பூதத்தின் தந்தை யார்?

பூதப் படங்களைப் பற்றி இலக்கிய ஏடொன்றில் எழுதுவதா என்று சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். மக்களை மிரட்டிக் காசு பறிக்கும் கேளிக்கை என்று அவற்றை ஒதுக்கிவிடுவது எளிது. ஆயினும், ஒரு சமுதாயம் எதற்கு அஞ்சுகிறது என்பதை அறிந்தால், அது எதை மறைக்கிறது என்பதையும் அறியலாம். அதனால் இப்படங்களைச் சற்றே நின்று நோக்குவது வீண் வேலையன்று.

அமெரிக்காவின் யூனிவர்சல் நிறுவனம் வெளியிட்ட படங்களின் தலைப்புகளைப் பாருங்கள்: 1935இல் பிராங்கன்ஸ்டைனின் மணமகள், 1936இல் டிராகுலாவின் மகள், 1939இல் பிராங்கன்ஸ்டைனின் மகன், 1943இல் டிராகுலாவின் மகன். அச்சத்தை விற்க வந்தவர்கள் உறவுமுறையைக் கையில் எடுத்தது ஏன்? வியாபாரம் என்பது ஒரு விடை. படத்தின் முடிவில் பூதம் மாண்டுவிடுகிறது. அடுத்த படத்துக்கு அதன் வாரிசு தேவைப்படுகிறது. ஆனால் இந்த வசதியோடு ஒரு தத்துவமும் ஒட்டிக்கொண்டே வருகிறது. இரத்தமே விதி என்பது அத்தத்துவம். டிராகுலாவின் மகள் தந்தையின் பிணத்தைத் தன் கையாலேயே எரிக்கிறாள், இனி விடுதலை என்று நம்புகிறாள், மருத்துவரை நாடுகிறாள். கதை அவளை விடுவதில்லை. இன்னாருக்குப் பிறந்தாள் என்பதே அவள் மீதுள்ள குற்றப் பத்திரிகை, தீர்ப்பும் அதுவே.

1931இல் ஜேம்ஸ் வேல் இயக்கிய பிராங்கன்ஸ்டைன் படத்தில் இத்தத்துவத்தின் மறுபுறத்தைக் காண்கிறோம். இளம் விஞ்ஞானி ஒருவன் பிணத் துண்டுகளை இணைத்து, மின்னலின் ஆற்றலால் உயிரூட்டுகிறான். உயிர் வந்தது, பெயர் வரவில்லை. கிடைத்தவை இருட்டறையும் சங்கிலியும் தீப்பந்தமும். அப்பூதம் ஏரிக்கரையில் ஒரு சிறுமியோடு விளையாடுகிறது. அவள் பூக்களை நீரில் இட, அவை மிதக்கின்றன. பூக்கள் தீர்ந்ததும், அவளும் மிதப்பாள் என்றெண்ணி அது அவளைத் தூக்கி நீரில் போடுகிறது. இன்னது மிதக்கும், இன்னது மூழ்கும் என்று அதற்குக் கற்பித்தவர் யார்? ஊரே திரண்டு அதனைக் காற்றாலையோடு கொளுத்துகிறது. இறுதிக் காட்சியில் விஞ்ஞானியின் முதிய தந்தை, தம் குலத்துக்கு ஒரு மகன் பிறக்க வேண்டுமென்று வாழ்த்தி மது அருந்துகிறார். அந்த வீட்டின் முதற் பிள்ளை சற்று முன்னர்தான் எரிந்தது என்று அவருக்குத் தோன்றவில்லை. படத்தின் பயங்கரம் முழுவதும் அந்த வாழ்த்திலேதான் இருக்கிறது என்போம்.

1939இல் வந்த படம் இதனை வெளிப்படையாகவே பேசிவிடுகிறது. விஞ்ஞானியின் மகன் மனைவி மக்களோடு ஊருக்கு வருகிறான். ஒரு பிழையும் செய்யாதவனை ஊரார் வெறுப்போடு வரவேற்கிறார்கள். கழுத்து முறிந்த இகோர் என்பவன் அவனிடம் ஓர் உறவைச் சொல்கிறான். அப்பூதத்தையும் படைத்தவர் உன் தந்தையே என்கிறான். அப்படியானால் இது என் சகோதரனா என்று திகைக்கிறான் மகன். ஆம், இதன் தாய் மின்னல் என்பது இகோரின் விடை. ஒரே தந்தையின் இரு பிள்ளைகள்: ஒருவனுக்குக் கோட்டை, மற்றவனுக்குக் கந்தகக் குழி. சொத்துரிமை எந்தப் பிள்ளையைப் பிள்ளையென்று ஏற்கிறதோ அவனே பிள்ளை, மற்றவன் பூதம்.

இங்கே அறநெறி சார்ந்த ஒரு கேள்வி பிறக்கிறது. தந்தையின் கடமை இரத்தத்தால் வருவதா, செயலால் வருவதா? 1818இல் நாவல் வெளிவந்த நாளிலேயே மேரி ஷெல்லி இதற்குத் தெளிவான விடை தந்துவிட்டார். அவரைப் பெற்ற சில நாட்களில், பெண்ணுரிமைக்குக் குரல் கொடுத்த தாய் மேரி வோல்ஸ்டன்கிராப்ட் மறைந்தார். தாயற்று வளர்ந்தவர் எழுதிய அந்நாவலில், படைத்தவன் தன் படைப்பின் முகத்தைக் கண்ட கணமே ஓடிப்போகிறான். படைப்போ, ஒரு குடிசையின் சுவரிடுக்கு வழியாக அயல் குடும்பத்தைப் பார்த்துப் பார்த்துப் பேச்சும் பாசமும் கற்கிறது. கொலைகள் பின்னரே வருகின்றன. கைவிடப்பட்டது என்பதற்காக அக்கொலைகள் நியாயமாகிவிடா. ஆனால் கைவிட்டவன் கைகழுவிக்கொள்ளவும் இயலாது.

தமிழ்த் திரையும் இக்கேள்வியைத் தொட்டது. 2010இல் வெளிவந்த எந்திரனில், விஞ்ஞானி வசீகரன் சிட்டியைப் படைக்கிறான்; உணர்ச்சியையும் ஊட்டுகிறான். ஊட்டிய உணர்ச்சி தன் காதலியின் பக்கம் திரும்பியதும், அதனை வெட்டிச் சிதைத்துக் குப்பைமேட்டில் எறிகிறான். அக்குப்பையிலிருந்தே அழிவு எழுகிறது. முடிவில் நீதிமன்றம் எந்திரத்தைப் பிரித்துப் போடச் சொல்கிறது. படைத்தவன் வீடு திரும்புகிறான். எண்பதாண்டுகள் கடந்தும் கதையின் தர்க்கம் மாறவில்லை.

இத்தர்க்கம் திரையோடு நிற்பதன்று. மின்னலைத் தாயாக உடையவன் என்றதும் மலையகத்தாருக்கு நோட்டன் பிரிட்ஜ் நினைவுக்கு வராமற் போகாது. அங்கே அணையில் தேங்கும் கெஹெல்கமு ஓயாவின் நீரால் 1950இல் லக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. 1965இல் நோட்டன் பிரிட்ஜிலேயே விமலசுரேந்திர மின்நிலையம் எழுந்தது. மலையருவி மின்னலாகி நாட்டின் நகரங்களுக்கு ஒளியூட்டியது. சுற்றிலுமுள்ள மலைகளில் கொழுந்து கொய்தவர்களுடைய லயங்கள் பலவற்றிலோ, மண்ணெண்ணெய் விளக்கே பல்லாண்டு எரிந்தது.

அந்த மக்களிடம் நாடு கேட்ட கேள்வியும் உறவுமுறைக் கேள்விதான். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், இந்த மண்ணில் பிறந்தவனிடமும் உன் தந்தை இங்கே பிறந்தானா, அன்றேல் உன் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்களா, சான்று காட்டு என்றது. பிறப்புப் பதிவே அரிதாயிருந்த தோட்டத்தில் பூட்டனின் சான்றுக்கு எங்கே போவது? செக்ரோலில் பெயர் ஏறியவனுக்கு நாட்டின் பதிவேட்டில் பெயர் இல்லை. 1964 அக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் கைச்சாத்திட்டபோது, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி 150,000 பேர் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்கெழுதினார்கள். அக்கணக்கில் அண்ணன் ஒரு கரையிலும் தம்பி மறுகரையிலுமாகச் சிதறிய குடும்பங்கள் எத்தனையோ! 2003இல் வந்த சட்டமே எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கியது.

எம்மக்களைப் பூதத்தோடு ஒப்பிடுவதா என்று நண்பர்கள் சினக்க வேண்டாம். பூதம் என்பது பிறவிப் பெயரன்று. கைவிட்டவன், தன் கடமையை மறைக்க இட்ட பெயர். கள்ளத்தோணி என்ற வசைச் சொல்லும் அத்தகையதே. காட்டை அழித்துத் தோட்டமாக்கியவனை, தோட்டத்தால் வாழ்ந்தவர்களே அந்நியன் என்றார்கள். ஒப்புமை மக்களுக்கும் பூதத்துக்கும் இடையிலன்று. படைத்தவனின் கோழைத்தனத்துக்கும் ஆள்பவரின் கோழைத்தனத்துக்கும் இடையிலாகும்.

ஆகவே, இரண்டு பொய்களை நாம் மறுக்க வேண்டியிருக்கிறது. தந்தையின் பழி பிள்ளையின் இரத்தத்தில் ஓடுகிறது என்பது ஒன்று. என் இரத்தமல்லாதவன் எனக்கு யாருமல்லன் என்பது மற்றொன்று. முதலாவது டிராகுலாவின் மகளை அழித்தது; இரண்டாவது பெயரற்ற அந்தப் பிள்ளையை எரித்தது. இவ்விரண்டும் ஒரே வேரின் கிளைகள். மனிதனை அவன் செயலால் அளவாமல் பிறப்பால் அளப்பதே அவ்வேர். சாதியும் அதே வேரில் கிளைத்ததுதான் என்பதைத் தமிழ் வாசகருக்கு நாம் எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

உறவு பிறப்போடு முடிந்துபோகும் செய்தியன்று. நாளும் செய்யவேண்டிய கடமை. எவன் உழைப்பில் நாம் வாழ்கிறோமோ அவன் நமக்கு உறவினன். எதனை நாம் படைத்தோமோ அதற்கு நாம் பொறுப்பாளிகள். மாணவர்கள் இப்படங்களைப் பார்க்கட்டும். ஆசிரியர்கள் தடுக்க வேண்டாம். படம் முடிந்ததும் ஒரு கேள்வியை மட்டும் அவர்கள் முன் வைத்தாற் போதும்: தீப்பந்தம் ஏந்தி ஓடிய அந்த ஊராரில் ஒருவராவது நின்று, இதன் தந்தை யார், அவர் எங்கே என்று ஏன் கேட்கவில்லை? அக்கேள்வியைக் கேட்கப் பழகிய வகுப்பறையிலிருந்து தீப்பந்தம் ஏந்தும் கூட்டம் எளிதில் புறப்படாது.