வெள்ளிக்கிழமை ஏற்றிய மின்சாரம்

இஸ்ரேலின் பெனே பிராக் நகரில் வெள்ளிக்கிழமை பொழுது சாயும் முன்பே சில வீடுகள் மின்வாரிய இணைப்பைத் துண்டித்துவிடுகின்றன. மறுநாள் இருட்டும்வரை, சுமார் 25 மணி நேரம், விளக்கெரிவது பேட்டரியில்.

சபாத் ஓய்வுநாளில் யூதர் வேலை செய்யக் கூடாது. மின்நிலையத்தில் ஒரு யூதர் அதை மீறி உழைத்தால், அந்தப் பலனை அடுத்தவர் அனுபவிக்கலாமா? கூடாது என்றார், 1953இல் மறைந்த அவ்வூர் ரபி ஹசோன் இஷ். மின்சாரம் நோயாளிகளின் உயிரையும் காக்கிறதே, உயிர்காக்கும் வேலைக்கு ஓய்வுநாள் தடையில்லையே என்பது எதிர்வாதம். அதுவும் லேசில் தள்ளக்கூடியதல்ல.

பேட்டரி மட்டும் அன்று ஓய்வதில்லை. ஈயத் தகடுகள் கந்தக அமிலத்தோடு வினைபுரிந்து ஈய சல்பேட்டாக மாற, மின்சாரம் பிறக்கிறது. சார்ஜ் ஏற்றினால் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும். முன்கூட்டியே தொடங்கிவைத்த காரியம் தானாக நடக்கலாம் என்கிறது யூதச் சட்டம்.

கணக்கு கறாரானது. 12 வோல்ட், 150 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் இருப்பது 1,800 வாட்-ஹவர். ஆயுள் குறையாமலிருக்கப் பாதியோடு நிறுத்தினால் 25 மணி நேரத்துக்குக் கிடைப்பது 36 வாட். இன்வெர்ட்டர் இழப்பு போக, மூன்று 9 வாட் எல்.இ.டி. பல்புகள் எரியும். சுவிட்சைத் தொடக் கூடாதென்பதால் அவை தூங்கும்போதும் எரிந்துகொண்டிருக்கும்!

சனி இரவே மறுபடி சார்ஜ் ஏற்ற வேண்டும். தாமதித்தால் சல்பேட் படிகங்கள் இறுகித் தகட்டைப் பாழாக்கும். டிஸ்டில்டு வாட்டர் அளவையும் அப்படியே பார்த்துவிடலாம்.