வழுவும் அமைதியும்

எடுத்த செயலைத் திருத்தமுறச் செய்து முடிக்க வேண்டும் என்பது ஔவையார் முதலாக நம் சான்றோர் வலியுறுத்திய அறம். அதனோடு எனக்குப் பிணக்கு இல்லை. ஆனால், அவ்வறத்தின் நிழல்போல மற்றொரு கொள்கையும் நம் மனத்துள் புகுந்து இடம் பிடித்துக்கொள்கிறது. திருத்தமுறச் செய்ய இயலாததைத் தொடவே கூடாது என்பது அது. சான்றோர் வாக்கிலிருந்து நாமே பிழிந்தெடுத்துக்கொண்ட சாறு அது. வகுப்பில் முதல் இடத்திலேயே இருந்து பழகிய பிள்ளைகளிடம் இக்கொள்கை ஆழமாக வேரூன்றிவிடுகிறது. நன்றாக வராத ஒன்றை, வராது என்று அறிந்தும், மகிழ்ந்து செய்துகொண்டிருத்தல் குற்றமா, குணமா? இதனையே இங்கு எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

பாலம் கட்டுவோரும் அறுவை மருத்துவரும் பிழை செய்துவிட்டுச் சிரிக்க முடியாது. அவர்தம் பிழையின் விலையைப் பிறர் கொடுக்க வேண்டியிருக்கிறது. கட்டணம் பெற்றுக்கொண்டு மேடையேறும் பாடகருக்கும் ஓரளவு இதுவே விதி. ஆனால், தொட்டிலாட்டும் தாய்க்கு இவ்விதி இல்லை. சுருதியும் தாளமும் அறியாத எத்தனையோ தாயர் பாடிய தாலாட்டில் எத்தனையோ குழந்தைகள் உறங்கியிருக்கின்றன. ஆகவே, செய்வோர்க்கும் பெறுவோர்க்கும் இடையே உள்ள உறவே பயனாக அமையும் செயல்களும் உலகில் உண்டு. அயல்மொழியில் அண்டை வீட்டாரோடு பேசுதல் அத்தகைய செயல் என்பது என் கருத்து. பெங்களூரில் வாழும் தமிழர் நாள்தோறும் சந்திக்கும் செயலும் அதுவே.

நான் அறிந்த பெண் ஒருத்தி திருச்சியில் படிப்பை முடித்து, இருபத்திரண்டாம் வயதில் இந்நகருக்குப் பணிக்கு வந்தாள். படித்த காலமெல்லாம் பரிசுகள் பெற்றவள். வந்த இரண்டு திங்களில் கன்னட எழுத்துகளைக் கற்றுப் பேருந்துப் பலகைகளையெல்லாம் படிக்கத் தொடங்கிவிட்டாள். இலக்கண நூல் ஒன்றையும் வாங்கி வாய்பாடுகளை மனப்பாடம் செய்தாள். ஆயினும் வாய் திறந்து ஒரு சொல் பேசியதில்லை. காய்கறி வண்டிக்காரரிடம் விரலால் சுட்டிக்காட்டுவாள், இல்லையேல் ஆங்கிலம். காரணம் கேட்டேன். “முழுமையாக வந்த பிறகு பேசுகிறேன், மாமா” என்றாள். நீந்தக் கற்ற பின்னரே நீரில் இறங்குவேன் என்பது போன்ற பேச்சு அது.

கன்னடம் தமிழர்க்கு எளிது என்பார்கள்; அந்த எளிமையே பொல்லாதது. நம் பால் அங்கே ஹாலு; பத்து, ஹத்து; பல், ஹல்லு; புலி, ஹுலி; புளி, ஹுளி. சொன்முதற் பகரத்தை ஹகரமாக்கினால் போதும் என்று நம்பி ஒருவர் துணிந்து இறங்குவார். பழம் ஹண்ணு ஆகி அவரை ஏமாற்றும். பாட்டியோ அஜ்ஜி ஆகிவிடுவாள். இவ்விடத்தில் ஒரு செய்தி எனக்குச் சுவையாகத் தோன்றுகிறது. பழங்கன்னடத்தில் இச்சொற்கள் பகரத்தோடேயே இருந்தன. ஹகரம் இடைக்காலத்தில் பரவிய மாற்றம். பால் என்று வாய்தவறிச் சொல்லும் தமிழர், ஆயிரம் ஆண்டுக்கு முந்திய கன்னடத்தைப் பேசியவர் ஆகிறார்! அந்நாளில் முதன்முதல் ஹாலு என்றவரைப் பார்த்துச் சிரித்தவர்களும் இருந்திருப்பர். பிழை எது, மரபு எது என்பதைக் காலம் இப்படியும் புரட்டிப் போடுகிறது.

அப்பெண்ணின் வீடு மல்லேசுவரத்தில். அடுத்த வீட்டில் கன்னடம் அன்றி வேறு மொழி அறியாத மூதாட்டி ஒருவர் தனியே வாழ்கிறார். மாலைதோறும் “ஊட்ட ஆயித்தா?” என்று உணவு உண்டாயிற்றா எனக் கேட்பார்; இவள் தலையசைப்பாள். ஒருநாள் இவள் கையிலிருந்ததைச் சுட்டி அது என்ன என்று அவர் வினவ, தலையசைப்பால் விடை கூற இயலவில்லை. பகரம் ஹகரமாகும் என்ற விதியை நினைவுகூர்ந்து, புத்தகத்தை ‘ஹுத்தக’ என்று சொல்லிவிட்டாள். புஸ்தக என்பதே அங்கு வழக்கு. மூதாட்டி கண்ணில் நீர் வரச் சிரித்தாராம். இவளுக்கு முதலில் முகம் சிவந்தது. பிறகு தன்னை மறந்து தானும் சிரித்தாள். அன்றிலிருந்து நாள்தோறும் அரைமணி நேரம் வாசற்படியில் பேச்சு. ‘புட்டி’ என்று அவர் அழைக்கிறார். கன்னடத்தில் அது சிறுமியரைக் கொஞ்சும் சொல். நம் காதுக்கு வேறு பொருள் தருவது ஒருபுறம் இருக்கட்டும்!

“யாரும் எனக்கு மதிப்பெண் போடாத நேரம் அது ஒன்றுதான், மாமா” என்றாள் அவள். ஓராண்டு கழிந்தது. கன்னடம் பெரிதும் திருந்தவில்லை. விடாமல் முயன்றால் வெற்றி கிட்டும் என்று காட்டும் வழக்கமான கதை அன்று இது. திருந்தாமலே அவள் மகிழ்கிறாள் என்பதே இதில் நான் கருதத்தக்கதாகக் காண்பது.

முழுமை வேண்டி வாய்மூடியிருப்பதைப் பணிவு என்று நாம் பாராட்டிவிடுகிறோம். அதனுள் சற்றே செருக்கும் கலந்திருக்கிறது. பிறர் கண்ணுக்குக் குறையுடையவராகத் தோன்ற ஒருப்படாமையே அச்செருக்கு. ஒருவர்க்குத் திருத்தும் வாய்ப்பையும், சிரிக்கும் வாய்ப்பையும், கற்பிக்கும் பெருமையையும் நாம் அளிக்க மறுக்கிறோம். அயலாருக்கு நாம் கொடுக்கக்கூடியவற்றுள் நம் அறியாமையும் ஒன்று என்பது எனக்கு இப்பெண்ணைக் கண்ட பிறகே தோன்றிற்று. நம் மேடைகளும் இதற்குத் துணைசெய்வதில்லை. வீட்டில் தமிழ் பேசி வளர்ந்து கன்னட நாடகத்தில் ஒளிர்ந்த கைலாசத்தையும், 1983-ஆம் ஆண்டுக்குரிய ஞானபீடப் பரிசு பெற்ற மாஸ்தி வெங்கடேச ஐயங்காரையும் விடாமல் எடுத்துக் காட்டுகிறோம். பெருமைதான். ஆனால், ஹாலுக்கும் பாலுக்கும் இடையே தடுமாறும் பெண்ணுக்கு அப்பெயர்கள் ஏணியாகத் தோன்றுவதில்லை; மதிலாகவே தோன்றுகின்றன.

அவளுக்கு நான் சொன்ன பெயர் வேறு. தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னசுபர்க்கு அருகே 1910-இல் டால்ஸ்டாய் பண்ணையை அமைத்த காந்தியடிகள், அங்கிருந்த சிறுவர்க்குத் தமிழும் கற்பித்தார். கப்பற் பயணங்களிலும் சிறையிலும் கற்ற தமிழ் அவருடையது. போப்பையர் எழுதிய தமிழ்க் கைந்நூலுக்கு அப்பால் தாம் சென்றதில்லை என்று தன்வரலாற்றில் அவரே எழுதுகிறார். அங்கே பிறந்த அப்பிள்ளைகளுக்கு எழுத்துத் தெரியாது. ஆயினும் பேச்சில் ஆசிரியரை எளிதில் வென்றுவிடுவர். ஆங்கிலம் அறியாத தமிழர் அவரைக் காண வந்தால், மாணவர்களே மொழிபெயர்ப்பாளர் ஆயினர். தம் அறியாமையை மறைக்க முயலாமையால் அவர்தம் அன்பை இழக்கவில்லை என்று அவர் குறிப்பிடுகிறார். கற்பிப்பவரே கற்பவரிடம் தோற்று அமர்ந்திருந்த அவ்வகுப்பறையை எண்ணும்போதெல்லாம் எனக்கு உள்ளம் குளிர்கிறது.

நம் இலக்கணமும் இதில் நாம் நினைப்பதைவிட நெகிழ்ச்சியுடையது. வழு என்று குற்றத்தைக் காட்டியதோடு நில்லாமல், வழுவமைதி என்று அதற்கோர் இருக்கையும் இட்டது. திணையும் பாலும் மயங்கி வருவது இயல்பே என்று ஏற்கும் பவணந்தியார், அதற்குச் சொல்லும் காரணங்களுள் முதலாவதாக நிற்பது உவப்பு. பசுவின்மேல் உள்ள அன்பு மிகுதியால் அதனை அம்மை என்று அழைத்தல் போல்வது அது. வழுவமைதி அறியாமைக்குத் தந்த சலுகை அன்று, அறிந்தோர் வழக்கிற்குத் தந்த இசைவே என்று புலவர்கள் என்னை மறுப்பர். மறுக்கட்டும். மகிழ்ச்சி பிழையைப் பொறுக்கச் செய்யும் என்று ஓர் இலக்கண ஆசிரியர் எண்ணினார் என்பதே எனக்குப் போதும். அந்நன்னூலைச் செய்வித்த சீயகங்கன் கோலார்க் கங்கர் வழியினன் என்பர். பெங்களூருக்குக் கிழக்கே, கன்னடமும் தமிழும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும் மண் அது.

இன்னொன்றையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. அல்சூர் ஏரிக்கரையில் 1991-இல் திறக்கப்படவிருந்த திருவள்ளுவர் சிலை, பதினெட்டு ஆண்டுகள் மூடப்பட்டிருந்து 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அதே திங்களில் சென்னை அயனாவரத்தில் சர்வஞ்ஞர் சிலையும் எழுந்தது. அவை அரசுகள் செய்த நற்செயல்கள். வாசற்படியில் செய்ய வேண்டியதை அரசு செய்ய முடியாது. அதனைச் செய்யப் புறப்படும் இளையோரை நாம் எப்படி நடத்துகிறோம்? இந்நகரில் பிறந்து வளர்ந்த நம் பேரப்பிள்ளைகள் கன்னடமும் ஆங்கிலமும் விரவிய தமிழில் பேசத் தொடங்கினால், முதல் தொடரிலேயே லகர ளகரத்தைத் திருத்தி, நகைத்து, வாயடைத்துவிடுகிறோம். பிறகு, பிள்ளைகள் தமிழ் பேசுவதில்லை என்று கூட்டம் கூட்டி வருந்துகிறோம். ‘ஹுத்தக’ கேட்டு அம்மூதாட்டி சிரித்த சிரிப்புக்கும் நம் சிரிப்புக்கும் உள்ள வேறுபாட்டை அப்பிள்ளைகள் நன்கறிவர். அவர் சிரித்துவிட்டு மறுநாளும் பேசினார்.

இப்போது அவரும் தமிழ் கற்கிறார். பழங்கன்னடத்தில் இருந்த ழகரம் பின்னர் மறைந்துவிட்டமையால் அவர் நாவில் அவ்வெழுத்து எழுவதில்லை. சென்ற வாரம் அப்பெண்ணுக்கு ஒரு சீப்புக் கொடுத்தனுப்பி, தானே கற்ற பெயரையும் சொல்லி அனுப்பினார்: “வாளெப்பள.” அவளும் திருத்தவில்லை, “ஹண்ணு தும்பா சென்னாகிதெ” என்று, எழுத்தெண்ணி அஞ்சாமல், மதிலுக்கு அப்பால் கேட்கும்படி விடை சொன்னாள்.