பெயிண்ட் பக்கெட்டில் மண்ணுளி

தம்பி, நேற்று மொட்டைமாடியில் அந்தப் பெயிண்ட் பக்கெட்டின் மூடியைத் திறந்து உள்ளே கிடந்த மண்ணுளிப் பாம்பைக் காட்டினாயே, அப்போதே உன்னைத் திட்டியிருக்க வேண்டும். உன் பாட்டி பக்கத்தில் நின்றதால் வாயை மூடிக்கொண்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். வேலை ஷிப்ட் முடியட்டும், ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதே. இன்றைக்கே செய்ய வேண்டிய காரியம் இது.

பக்கெட்டில் பாதிக்கு எம்-சாண்ட் கொட்டியிருக்கிறாய். கல்லை உடைத்துப் பொடித்தது அது, விளிம்பெல்லாம் கூர். பாம்பின் மூக்கு நுனியில் தோல் உரிந்து சிவந்திருந்ததைக் கவனித்தாயா? மூடியை முட்டி முட்டி வந்த காயம். நீ தொட்டதும் தலையைச் சுருளுக்கு அடியில் செருகிக்கொண்டு மழுங்கிய வாலைத் தூக்கியது. 'ரெண்டாவது தலை பாருங்க' என்று நீ சிரித்தாய். அது நடுங்கிக்கொண்டிருந்தது, தம்பி. எதிரி கடித்தால் வாலைக் கடிக்கட்டும், தலை பிழைக்கட்டும் என்று காட்டுகிற ஏமாற்று அது. பாம்பாட்டிகள் அந்த வாலையே கீறி வாயும் கண்ணும் வைத்துக் காசு பார்த்திருக்கிறார்கள்.

விற்க மாட்டேன், ஆசையாக வளர்க்கிறேன் என்றாய். நம்புகிறேன். ஆனால் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் உன் ஆசையைக் கேட்காது. அந்தச் சட்டத்தில் வேட்டை என்றால் சுடுவது மட்டும் இல்லை, பிடிப்பதும் வேட்டைதான். பெங்களூரில் நண்பன் ஒருவன் கண்ணாடிப் பெட்டியில் கென்யா மண்ணுளி வளர்க்கிறான் என்றாயே, அது ஆப்பிரிக்கப் பாம்பு. அப்படிப்பட்ட வெளிநாட்டு உயிர்களைக்கூட அரசிடம் பதிவு செய்தாக வேண்டும் என்று 2024-இல் விதி வந்துவிட்டது. உன் பக்கெட்டில் இருப்பதோ நம்மூர் மண்ணில் பிறந்தது. அதற்குப் பதிவும் கிடையாது, அனுமதியும் கிடையாது.

சரி, சட்டத்தை விடு. நன்றாக வளர்க்க உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டாய். சொல்கிறேன். ஒரு முழ ஆழத்துக்குப் பொலபொலவென்ற மண். பகலில் மேல்மண் சுட்டால் அடியில் குளிர்ச்சி, ராத்திரி மேலே வந்தால் இளஞ்சூடு. பதுங்கிக் கிடக்க இருட்டு. வாரத்துக்கோ பத்து நாளுக்கோ ஒரு எலி. இத்தனையும் ஏற்கெனவே ஓர் இடத்தில் இருக்கிறது: உங்கள் கேழ்வரகுக் காட்டு வரப்பு. அங்கே அது எலி வளைக்குள்ளேயே போய் குஞ்சோடு தின்னும். நீயோ மொட்டைமாடி வெயிலில் பிளாஸ்டிக் பக்கெட்டை மூடி வைத்திருக்கிறாய். மண்ணுளி முட்டையிடாது, குட்டி போடும். இதன் நடுவயிறு தடித்திருந்தது. சினையாக இருந்தால் நீ அடைத்து வைத்திருப்பது ஒரு உயிரை இல்லை.

உன் பாட்டிக்கு வேறு பயம். மண்ணுளி நக்கினால் குஷ்டம் வரும் என்று கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே இருந்தார்கள். குஷ்டம் கிருமியால் வருவது, பாம்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் அந்தப் பயம் இருந்த காலத்தில் ஊர்க்காரர் யாரும் மண்ணுளியைத் தொடவில்லை. அது பாட்டுக்கு ஊர்ந்து போனது. இன்றைக்கு வந்திருக்கிற பொய், இந்தப் பாம்பு கோடி பெறும் என்பது, அப்படிப்பட்டது இல்லை.

மூன்று மொழி பேசுகிற ஊர் நம்முடையது. தமிழில் இருதலை, கன்னடத்தில் எரடு தலெ ஹாவு, தெலுங்கில் ரெண்டு தலல பாமு. எந்த மொழியில் சொன்னாலும் அடுத்த வார்த்தை லட்சம், அதற்கடுத்தது கோடி. அரிசியை இழுக்கும் அதிசயக் கலசம் என்று ரைஸ் புல்லிங் கலசத்தை விற்றானே, அதே கூட்டத்தின் இன்னொரு சரக்கு இது. எடை இத்தனை கிலோ இருந்தால் இத்தனை ரூபாய் என்பான், தராசோடு வருவான், முன்பணம் கேட்பான். வாங்கிப் பணக்காரனான ஒருத்தனையும் நான் பார்த்ததில்லை. 2016 முதல் 2021 வரை பத்திரிகைகளில் வந்த செய்திகளை மட்டும் எடுத்து டபிள்யூ.சி.எஸ். இந்தியா என்ற வன உயிர்ப் பாதுகாப்பு அமைப்பு எண்ணியது: 172 பறிமுதல்கள், 18 மாநிலங்கள். பிடிபட்டதன் கணக்கே இவ்வளவு. நேற்று நீ எடுத்த வீடியோவை வாட்ஸப் ஸ்டேட்டஸில் வைத்திருக்கிறாய். அதை இப்போதே அழி. தராசுக்காரன் வாசலுக்கு வர அது ஒன்றே போதும்.

இன்னொன்று. உத்தனப்பள்ளிப் பக்கம் ஜேசிபி நிலத்தைக் கிளறுகிற இடத்தில் எடுத்தேன் என்றாய், வெறுங்கையால். இது சிவந்த வழவழப்பான வகை, ஆபத்தில்லை. ஆனால் உடம்பில் திட்டுத்திட்டாக, சொரசொரப்பாக இன்னொரு மண்ணுளி உண்டு. அதற்கும் கண்ணாடி விரியனுக்கும் பழகின கண்ணே தடுமாறும். ஒரு தடவை தப்பாக எடுத்தால் உன்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கும். இனிமேல் மண்ணுளி என்று தோன்றினாலும் கை வைக்காதே.

இப்போது செய்ய வேண்டியது. பக்கெட்டை வெயிலிலிருந்து எடுத்து மாடிப்படிக்கு அடியில் நிழலில் வை. பாம்பை முதலில் ஒரு துணிப் பைக்குள் விட்டுக் கட்டி வைத்துவிட்டு, மூடியில் ஆணியால் ஏழெட்டு ஓட்டை போடு. எலி, கோழிக்குஞ்சு எதையும் போடாதே. வெளியே எடுத்துக் காட்டாதே, யார் கேட்டாலும். நீயே பைக்கில் கொண்டுபோய் எங்காவது விட்டு வருவதும் வேண்டாம். மூக்குக் காயத்தை வனத்துறையினர் பார்க்கட்டும், எங்கே விடுவது என்று அவர்கள் முடிவு செய்யட்டும்.

பிடித்துக்கொண்டு போவார்களோ என்று பயப்படுகிறாய், தெரிகிறது. மண் கிளறும்போது கண்டேன், ஜேசிபியில் சிக்கிவிடும் என்று எடுத்தேன், ஒப்படைக்க வந்திருக்கிறேன். நடந்தது அதுதானே, அதையே சொல். மூன்றாம் நாள் சொன்னால் நம்புவார்கள். மூன்றாம் மாதம் அதே வாக்கியத்தை யாரும் நம்ப மாட்டார்கள். தனியாகப் போக வேண்டாம், நானும் வருகிறேன். ராயக்கோட்டை ரேஞ்சர் ஆபீஸுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு, நாலு மணிக்கு உன் வீட்டு வாசலில் நிற்பேன். பக்கெட்டை மடியில் வைத்துப் பிடித்துக்கொள். வண்டியை நான் ஓட்டுகிறேன், மெதுவாக.