புகையின் நிறம் பார்த்துக் கை வையுங்கள்

பழைய ஸ்போர்ட்ஸ் காரை ஆசையாக வாங்கி ஊட்டிக்கு ஏற்றிவிட்டு, கறுப்புப் புகையைக் கண்டதும் "எஞ்சின் போச்சு" என்று தலையில் கை வைப்பவர்கள் உண்டு. அவசரம் வேண்டாம். ஊட்டி சுமார் 2,200 மீட்டர் உயரம். காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டருக்கு அது எங்கே தெரிகிறது? பெட்ரோலைப் பழைய கணக்கிலேயே ஊற்றும். ஜெட்டை மாற்றிப் பாருங்கள்.

தேய்மானத்தைக் காட்டிக்கொடுப்பது இறக்கம்தான். குன்னூரிலிருந்து பர்லியாறு வரை ஆக்சிலரேட்டரைத் தொடாமல் கியரிலேயே இறங்கி, கீழே வந்து மிதிக்கும்போது குப்பென்று நீலப் புகை வந்தால், பெரும்பாலும் வால்வு கைடு. ஹெட்டைக் கழற்றினால் போதும். ஏற்றத்தில் இழுக்கும்போதெல்லாம் நீலமாகவே வந்தால் பிஸ்டன் ரிங்கைச் சந்தேகிக்கலாம். சிலிண்டருக்குள் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி கம்ப்ரஷன் பாருங்கள். அழுத்தம் ஏறினால் சந்தேகம் உறுதி. அப்போது போரிங் வரை போகத்தான் வேண்டும்.

இதே மலையில், சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்த எக்ஸ் வகை நீராவி ரயில் எஞ்சின்கள் பல பத்தாண்டுகள் பல்சக்கரம் தேயத் தேய ஓடின. அவற்றைப் பிரித்துப் பூட்டிப் பழகிய திருச்சி பொன்மலைப் பட்டறை, 2021-ல் நிலக்கரி எஞ்சின் ஒன்றைப் புதிதாகவே கட்டிக் கொடுத்தது. பொறுமையாகப் பிரிக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் அது கைகூடும்.

கம்ப்ரஷன் பார்க்காமலே எஞ்சினை இறக்கச் சொல்லும் மெக்கானிக்கிடம் வண்டியை விடாதீர்கள்.