பெயர் வாங்கிய கடன்

"சித்தப்பா, ஒரு பேரைச் சம்பாதிக்க எத்தனை நாள் ஆகும்?"

சென்ற பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது ஓர் இளைஞன் என்னை இப்படிக் கேட்டான். நாற்பது வருஷமாகக் கதை எழுதிக்கொண்டிருப்பவனிடம் கேட்கக்கூடிய கேள்விதான். ஆனாலும் சட்டென்று எனக்குப் பதில் வரவில்லை. பெயர் எடுக்க ஆசைப்பட்ட நாள் ஞாபகம் இருக்கிறது. எடுத்து முடித்த நாள் எது என்று சொல்லத் தெரியவில்லை. "எதற்கப்பா கேட்கிறாய்?" என்று கேள்வியைத் திருப்பிப் போட்டுச் சமாளித்தேன்.

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் கரிசல் காட்டு நடுவே எங்கள் ஊர். அங்கே அவனுடைய தகப்பனார் ஒரு கடலை மிட்டாய்க் கம்பெனி நடத்தி வருகிறார். கம்பெனி என்றதும் வாசகர்கள் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஓட்டுக் கூரை, இரண்டு அடுப்பு, ஏழெட்டுப் பெண்கள். எங்கள் பக்கத்தில் ஐந்து பேருக்கு மேல் சேர்ந்து வேலை செய்கிற இடமெல்லாம் கம்பெனிதான். கடலையை வறுத்துத் தோல் நீக்குவார்கள். வெல்லத்தைப் பாகு காய்ச்சி, ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பார்கள். அது இறுகி, விரலால் அழுத்தினால் 'டக்'கென்று ஒடிய வேண்டும். அந்தப் பதம் வந்தவுடன் கடலையைக் கொட்டிக் கிளறி, பலகையில் பரப்பித் தேய்த்து, சூடு ஆறுவதற்குள் துண்டு போட்டுவிட வேண்டும். வித்தை அவ்வளவுதான். ஆனால் அந்தப் பதம் ஒரு நிமிஷம் முந்தினால் பல்லில் ஒட்டும். ஒரு நிமிஷம் பிந்தினால் கசக்கும்.

பையன் படித்தவன். தபாலிலும் கூரியரிலும் வெளியூர்களுக்கு மிட்டாய் அனுப்ப ஆரம்பித்திருக்கிறான். நகரத்தில் வியாபார ஆலோசனை சொல்லும் ஒருவரிடம் இரண்டு நாள் வகுப்புக்கும் போய் வந்திருக்கிறான். "ஜனங்கள் முதலில் ஆளைத்தான் வாங்குகிறார்கள், பொருளை அப்புறம்தான் வாங்குகிறார்கள். ஊர்ப் பெயரை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். உன் பெயரையும் உன் முகத்தையும் பிராண்ட் ஆக்கு" என்று அவர் உபதேசம் செய்தாராம். கூடவே, 'எங்கள் பாட்டி கைப்பக்குவத்தின் ரகசியம்' என்று உறையில் ஒரு வரி போடவும் சொன்னாராம்.

உள்ளே உட்கார்ந்து கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணாச்சி இதைக் கேட்டுத் தலை நிமிர்ந்தார். "என்ன ரகசியம்? எங்க ஆத்தா கூலிக்குக் கடலை உடைச்சவ தம்பி. அவளுக்குப் பாகு பதமே தெரியாது. ஊர்ப் பேரு இத்தனை வருசம் சோறு போட்டிருக்கு. இவன் மூஞ்சியைப் பார்த்தா மிட்டாய் இனிக்கப் போகுது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் பையன் சிரிக்கவில்லை. "அப்பா சொல்றதும் சரிதான் சித்தப்பா. ஆனா எங்கேயோ எவனோ காறல் அடிச்ச கடலையிலே மிட்டாய் போட்டு, மேலே கோவில்பட்டின்னு அச்சடிச்சு விக்கிறான். தின்னவன் ஊரைத்தானே திட்டுவான்? எங்க பேரு இருந்தா எங்களைத் திட்டட்டுமே!"

அந்தக் கடைசி வாக்கியம் என்னை யோசிக்க வைத்தது. அன்று இரவு திண்ணையில் படுத்திருந்தபோதும் அதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன்.

தன் பெயரைத் தானே பெரிதாக எழுதிக்கொள்வது அகங்காரம் என்று நமக்குச் சிறு வயதிலிருந்தே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அண்ணாச்சி கடையில் இன்றைக்கும் பெயர்ப் பலகை கிடையாது. முந்நூறு வீடு உள்ள ஊரில் அது தேவையும் இல்லை. மிட்டாய் நன்றாக இல்லாவிட்டால் அடுத்த நாள் காலையில் அவர் முகத்துக்கு நேரே சொல்லலாம். அங்கே பெயர் பலகையில் இல்லை; ஆளோடு நடமாடுகிறது. ஆனால் அதே மிட்டாய் டில்லிக்கோ துபாய்க்கோ பிரயாணமாகும்போது அண்ணாச்சியின் முகம் கூடப் போவதில்லை. முகம் போக முடியாத இடத்துக்குப் பெயராவது போக வேண்டாமா?

ஆகவே பெயர் எழுதுவதில் இரண்டு விதம் உண்டு என்று எனக்குப் படுகிறது. புகழை வாங்கிக்கொள்வதற்காக எழுதும் பெயர் ஒன்று. பழியை ஏற்றுக்கொள்வதற்காக எழுதும் பெயர் இன்னொன்று. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். இல்லாத பாட்டி ரகசியத்தை ஜோடிப்பது முதல் வகை. 'குறை இருந்தால் என்னைக் கேள்' என்று விலாசம் கொடுப்பது இரண்டாவது வகை. முதலாவதைப் பற்றி அண்ணாச்சிக்கு வந்த கோபம் நியாயமானது. இரண்டாவதைப் பற்றிப் பையனுக்கு இருந்த ஆசையும் நியாயமானது.

இந்த வழக்கில் சட்டம் என்ன சொல்கிறது என்று பிற்பாடு விசாரித்தேன். பொருளோடு சேர்ந்த ஊர்ப் பெயரைப் பாதுகாக்க 1999-இல் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. 2003-இல் அது அமலுக்கு வந்தது. புவிசார் குறியீடு என்கிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கும் திண்டுக்கல் பூட்டுக்கும் 2019-இலும், எங்கள் கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-இலும், மணப்பாறை முறுக்குக்கு 2023-இலும் அந்தப் பதிவு கிடைத்தது. ஊர்ப் பெயரை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்று ஆலோசகர் சொன்னது தவறு.

அந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த அம்சங்கள் இரண்டு. தனி மனிதரின் வணிகச் சின்னத்தை விலைக்கு விற்கலாம். பிறருக்கு எழுதிக் கொடுக்கலாம். ஆனால் ஊரின் பெயரை விற்க முடியாது, அடகு வைக்க முடியாது, வாடகைக்கும் விட முடியாது என்று 24-ஆவது பிரிவு கூறுகிறது. இது ஒன்று. இரண்டாவது, இதற்கான பதிவேட்டுக்கு இரண்டு பகுதிகள். முதற் பகுதியில் ஊரின் பெயரோடு பொருள் பதிவாகிறது. இரண்டாம் பகுதியில், அந்தப் பெயரை உபயோகிக்க அனுமதி பெற்ற ஒவ்வோர் உற்பத்தியாளரின் பெயரும் தனித்தனியே பதிவாகிறது. ஊரும் வேண்டும், ஆளும் வேண்டும். ஊருக்குக் கீழே ஆள். திண்ணையில் நான் ராத்திரி முழுவதும் புரண்டு புரண்டு கண்டுபிடித்ததைச் சட்டம் எழுதியவர்கள் முன்பே கண்டுபிடித்திருக்கிறார்கள்!

இதோடு கட்டுரையை முடித்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். ஆனால் பையனுடைய கேள்வி என் பக்கமும் திரும்பிவிட்டது.

நான் கல்லூரியில் படித்த காலத்தில் எங்கள் வீட்டில் கையில் காசு இருந்த நாட்கள் குறைவு. அண்ணாச்சி அப்போது வாலிபர். தந்தை விட்டுப்போன பலசரக்குக் கடையை நடத்திக்கொண்டிருந்தார். அரிசி, பருப்பு எல்லாம் கடனுக்குத்தான். நான் விடுதிக்குக் கிளம்பும் அன்று பஸ் கட்டணத்தையும் கணக்கில் எழுதிக்கொண்டு கொடுப்பார். ஒரு பொட்டலம் மிட்டாயைக் கணக்கில் எழுதாமல் கொடுப்பார். பின்னால் நான் எழுத்தாளன் ஆனேன். அந்த வெல்லப் பாகின் வாசனை என் நாவல்களில் எத்தனை பக்கங்களில் வருகிறது என்று எனக்கே கணக்கில்லை. "மண் வாசனை எழுத்து" என்று பாராட்டினார்கள். பரிசும் கொடுத்தார்கள்.

என் மகள் கலியாணத்துக்கு ஐந்நூறு பேருக்கு இனிப்புப் பெட்டி கொடுத்தோம். எங்கே வாங்கினேன் தெரியுமா? நகரத்தில் ஒரு பெரிய கடையில். பெட்டி பளபளப்பாக இருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. அண்ணாச்சி அந்தக் கலியாணத்துக்கு வந்தார், மொய் எழுதினார், பந்தியில் சாப்பிட்டார், பெட்டியை வாங்கிக்கொண்டு போனார். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஊரைச் சொல்லி நான் பெயர் வாங்கினேன். ஊரில் ஒரு பொட்டலம் மிட்டாய் வாங்கவில்லை.

"அதனால் என்ன? நல்ல பொருளை நல்ல விலைக்கு எங்கே கிடைக்கிறதோ அங்கே வாங்குவதுதானே புத்திசாலித்தனம்?" என்று கேட்கலாம். கேள்வி சரிதான். உள்ளூர்க்காரன் என்பதற்காக மட்டமான சரக்கை வாங்க வேண்டும் என்பது என் கட்சி அல்ல. இரக்கத்துக்காக வாங்கினால் விற்கிறவனுக்குத் தன் குறை தெரியாமலே போய்விடும், தொழில் கெடும். ஆனால் பெரிய கடையில் பொருள் சரியில்லை என்றால் நாம் செய்வது என்ன? பேசாமல் வேறு கடைக்குப் போய்விடுகிறோம். உள்ளூரில் அப்படிச் செய்யக் கூடாது என்பதே நான் சொல்வது. "அண்ணாச்சி, இந்தத் தடவை பாகு முறுகிவிட்டது" என்று சொல்லிவிட்டு, மறுவாரமும் போய் வாங்கிப் பார்க்க வேண்டும். சொல்லாமல் விலகுவது துரோகம் என்றால் வார்த்தை கொஞ்சம் பெரிதாக இருக்கலாம். ஆனால் அதற்குப் பக்கத்து வீட்டு வார்த்தை எதுவோ, அது.

காசு போகும் வழியையும் பார்க்க வேண்டும். அண்ணாச்சியிடம் கொடுக்கும் ரூபாயில் கொஞ்சம் பாகு காய்ச்சும் பெண்ணின் வீட்டுக்குப் போகிறது. கொஞ்சம் கரிசல் காட்டில் கடலை போட்டவனுக்குப் போகிறது. அம்மன் கோயில் கொடைக்கு வரி பிரிக்கும்போது ஒரு பங்கு வருகிறது. பள்ளிக்கூடத்துக்குச் சுவர் எழுப்பியபோதும் வந்தது. பளபளப்புப் பெட்டிக்குக் கொடுத்த பணத்தைக் கொடை நாளில் எங்கே போய்த் தேடுவது?

வள்ளுவர் தம் நூலில் ஈகையைப் பற்றி 23-ஆம் அதிகாரத்தில் சொல்லிவிட்டு, புகழை அதற்கு அடுத்த அதிகாரத்தில் வைத்தார். பெயர் வாங்குகிறவன் அதற்கு முன்னால் எதையாவது கொடுத்திருக்க வேண்டும் என்று நான் அதற்குப் பொருள் செய்துகொள்கிறேன். அண்ணாச்சி கொடுத்துப் பெயர் வாங்கினார். நான் பெயரை முதலில் வாங்கிக்கொண்டேன், கொடுக்க மறந்துவிட்டேன்.

ஊரிலிருந்து புறப்படும் அன்று பையனைக் கூப்பிட்டு இவ்வளவு நீளமாக இல்லாமல் சுருக்கமாகச் சொன்னேன். "ஊர்ப் பெயரை மேலே பெரிதாகப் போடு. பதிவேட்டின் இரண்டாம் பகுதியில் உன் பெயரைச் சேர்க்கிற வழியைப் பார். உறையில் அதற்குக் கீழே உன் பெயரும் டெலிபோன் நம்பரும் இருக்கட்டும். பாட்டியை மட்டும் விட்டுவிடு."

போன மாதம் அவன் அனுப்பிய பொட்டலத்தில் எல்லாம் அப்படியே இருந்தது. படம் இல்லை, அண்ணாச்சி சம்மதிக்கவில்லை போலிருக்கிறது. கீழே ஒரு வரி: 'குறை இருந்தால் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.' தின்று பார்த்தேன். லேசாகக் கசந்தது. கொஞ்ச நேரம் தயங்கிவிட்டு நம்பரைச் சுழற்றினேன்.

"தெரியும் சித்தப்பா, அன்னைக்குப் பாகு ஒரு கொதி கூடிப்போச்சு. நாலு பேர் கூப்பிட்டுட்டாங்க. வேறே அனுப்புறேன்" என்றான். குரலில் வருத்தம் இருந்தது; பயம் இல்லை.

இப்போது மாதா மாதம் இரண்டு கிலோ வருகிறது. பணத்தையும் உடனே அனுப்பிவிடுகிறேன். பழைய கணக்கைப் பற்றி அண்ணாச்சியிடம் ஒரு நாள் பேச்சை எடுத்தேன். "அதெல்லாம் உங்க அப்பா அன்னைக்கே தீர்த்துட்டாரு தம்பி" என்றார்.

அவர் நோட்டில் தீர்ந்திருக்கலாம். எழுதாமல் கொடுத்த மிட்டாய் எந்த நோட்டிலும் இல்லையே!